கேமராவ மாத்துறதுக்கு முன்னாடி அலாரத்த மாத்துங்க: மதுரைல போட்டோ எடுக்குறவங்களுக்கு

"அண்ணே, அம்பதாயிரம் பட்ஜெட், என்ன கேமரா வாங்கலாம்?" எனக்கு வர்ற கேள்வில முக்காவாசி இதுதான். கேக்குற தம்பி கைல பெரும்பாலும் ஏற்கனவே ஒரு கேனான் 1500டியோ, மாமா துபாய்ல இருந்து கொண்டாந்த பழைய நிக்கானோ இருக்கும், அதுவும் இல்லாட்டி ஒரு நல்ல போனாவது இருக்கும். நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், போட்டோ எடுக்க எத்தன மணிக்கு வீட்ட விட்டு கெளம்புறன்னு. "டிபன் சாப்ட்டுட்டு ஒரு பத்து பத்தரைக்குண்ணே." அம்புட்டுதான், பிரச்சனை எங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அத சரி பண்ண அம்பதாயிரம் வேணாம்.

நான் கல்யாணம் காதுகுத்து எடுக்குற ஆளில்ல, வாரநாள்ல வேற சோலி பாக்குறவன், லீவு நாள்ல மட்டும் கேமராவோட அங்கிட்டும் இங்கிட்டும் சுத்துறவன். அதனால இங்க எழுதுறது என்னைய மாதிரி ஆளுங்களுக்குத்தான், கல்யாண ஆர்டர் எடுக்குறவங்களுக்கு ரெண்டு பாடி, ரெண்டு கார்டு ஸ்லாட், பிளாஷ்னு கணக்கே வேற.

மொதல்ல வெயிலு

மதுரை இருக்கறது நிலநடுக்கோட்டுக்கு வடக்க 10 டிகிரிகிட்ட. இதுல போட்டோக்காரனுக்கு என்னன்னா, இங்க சூரியன் சாஞ்சு சாஞ்சு ஏறாது, ஏறக்குறைய செங்குத்தா மேல போயிரும். யூடியூப்ல வெள்ளக்காரரு 'கோல்டன் ஹவர்'னு, அதாவது சூரியன் தாழ இருக்கையில வர்ற மஞ்ச வெளிச்சத்துல, ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் நிதானமா ட்ரைபாட் போட்டு எடுப்பாரு, அது அவரு ஊருக்கு சரி. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, நம்ம ஊர்ல அந்த 15ம் கிட்டத்தட்ட அப்படியே உயரத்துல சேருது, அப்ப அடிவானத்துல இருந்து 6 டிகிரி தாண்ட 25 நிமிஷம் போதும். அந்த மஞ்ச வெளிச்சம் நமக்கு கெடைக்கறது அம்புட்டு நேரம்தான், கொஞ்சம் இழுத்துப் புடிச்சா முக்கா மணி நேரம். ஜனவரில சூரியன் வர 6:35 ஆகும், மே கடைசில ஆறுக்கு கொஞ்சம் முன்னாடியே வந்துரும், அதனால எந்த மாசம் எத்தன மணின்னு பாத்து அலாரம் வைக்கணும், சூரியன் வந்ததுக்கப்பறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணா ஒத்தக்கடை தாண்டி யானைமலைகிட்ட போய் நிக்கையில வெளிச்சம் வெளுத்துப் போயிருக்கும்.

இன்னொன்னு, ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசி வாரத்துலயும் மதியம் 12:15 சுமாருக்கு சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல நிக்கும், நட்டு வச்ச கம்புக்குக் கூட நெழல் விழாது. அந்த நேரத்துல ஆள நிக்க வச்சு எடுத்தா கண்ணு ரெண்டும் குழியா கறுத்து, மூக்குக்கு கீழ மீச மாதிரி நெழல் விழும். லட்ச ரூவா கேமராலயும் அப்படித்தான் விழும். மதியம் எடுத்தே ஆகணும்னா வெயில விட்டு வெளிய வாங்க. பந்தல், திண்ணை, கடை சன்சேடு, வேப்பமரத்தடி எதுனாலும் சரி, ஆனா நெழலோட ஓரத்துக்கு வந்து வெளிய பாத்து நிக்கச் சொல்லுங்க. எதுத்தாப்புல வெள்ளச் சுவர் இருந்துட்டா கும்பிடு போட்டுக்கங்க, அதவிட நல்ல ரிப்ளெக்டர் எந்தக் கடைலயும் விக்கல.

கைல இருக்கறத வச்சு என்ன வாங்குறது

கிட் லென்ஸ்னு கேவலமா பேசுறாங்கல்ல அந்த 18-55, அத வச்சு ஒரு காரியம் பண்ணுங்க. இதுவரைக்கும் எடுத்ததுல உங்களுக்கே புடிச்ச படமா ஒரு நூறு பொறுக்கி, ஒவ்வொண்ணும் எந்த மில்லிமீட்டர்ல எடுத்ததுன்னு டீட்டெயில்ல பாருங்க, போன்லயே கேலரில இன்ஃபோ அமுக்குனா வரும். பாதிக்கு மேல 18ல இருந்தா உங்களுக்கு அகலமான லென்ஸ் தேவை, எல்லாம் 55ல முட்டிக்கிட்டு நின்னா ஜூம் தேவை, 24க்கும் 35க்கும் நடுவுல இருந்தா ஒரு சின்ன ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) போதும். கடைக்காரரு சொல்றதையும் என்னைய மாதிரி ஆளு சொல்றதையும் விட்டுட்டு இந்த கணக்க நம்புங்க.

எல்லாரும் கண்ண மூடிட்டு "50எம்எம் வாங்கு"ம்பாங்க. கேனான் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் நல்ல லென்ஸ்தான் (எஃப் நம்பர் கொறய கொறய உள்ள வர்ற வெளிச்சம் கூடும்), 160 கிராம்தான் இருக்கும், வெலையும் கம்மி. ஆனா உங்க பாடில சென்சார் (படம் பதியிற சில்லு) சின்னது, கேனான்ல 1.6 மடங்கு, அப்ப அந்த 50 கைல வந்ததும் 80 மாதிரி நெருக்கமா காட்டும். மூஞ்சிக்கு அருமை, நம்ம ஊரு சந்துக்கு ஆகாது. ஆவணி மூல வீதிய ஒட்டி இருக்குற சந்துக்குள்ள நின்னுக்கிட்டு ஒரு கடைய முழுசா எடுக்கணும்னு பின்னாடி ரெண்டு எட்டு வச்சா முதுகுல ஸ்கூட்டர் இடிக்கும், ஹாரன் வேற. தெரு, மார்க்கெட், கோயில் வாசல்னு சுத்துறவங்களுக்கு கேனான்ல 24 எஃப் 2.8 எஸ்டிஎம், நிக்கான்ல 35 எஃப் 1.8ஜி டிஎக்ஸ், இந்த ரெண்டுல ஒண்ணுதான் என் ஓட்டு. அந்த 24 பிஸ்கட் கனம்தான் இருக்கும், 125 கிராம், மாட்டிக்கிட்டு நடந்தா கேமரா இருக்கறதே தெரியாது, எதுத்தாப்புல இருக்குறவங்களும் மெரள மாட்டாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்கணும்னா 18-55ஐ 24லயோ 35லயோ வச்சு ஜூம் ரிங் மேல செல்லோடேப் ஒட்டிருங்க, ஒரு மாசம் அப்படியே எடுங்க. பிச்செறிஞ்சுட்டு ஜூம் பண்ணணும்னு கை அரிச்சுக்கிட்டே இருந்தா ப்ரைம் உங்களுக்கு ஒத்து வராது, காசு மிச்சம்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறது தப்பே இல்ல, நான் புதுசு வாங்கச் சொல்றதே அபூர்வம். ஆனா பாத்து வாங்கணும். நிக்கான்ல 3000 வரிசை 5000 வரிசை பாடிக்குள்ள போகஸ் மோட்டார் கெடையாது, டி3500, டி5600 எல்லாம் இதுல சேத்தி. இதுல 50 எஃப் 1.8டி மாட்டுனா கையாலதான் போகஸ் திருகணும், அதே 50ல ஜின்னு முடியிற லென்ஸ்னா தானா பண்ணும். ஓஎல்எக்ஸ்ல டி லென்ஸ் வெல கம்மியா இருக்கேன்னு பாய்ஞ்சு போய் வாங்குறவங்க இந்த ஒத்த எழுத்துலதான் மாட்டுறாங்க.

லென்ஸ கைல வாங்குனதும் ரெண்டு பக்க மூடியும் கழட்டி, போன் டார்ச்ச பின்பக்கமா அடிச்சு முன்னாடி இருந்து சாச்சு சாச்சு பாருங்க. தூசு நாலஞ்சு இருந்தா கண்டுக்க வேணாம், படத்துல தெரியாது. செலந்தி வலை மாதிரி நூல் நூலா கெளை விட்டு ஓடிச்சுன்னா அது பங்கஸ், எவ்வளவு கொறச்சுக் குடுத்தாலும் வேணாம், க்ளீன் பண்ணாலும் கோட்டிங் அரிச்சிருந்தா போனது போனதுதான். பாடிய எடுத்து எஃப் 16 வச்சு வெறும் வானத்த ஒரு படம் எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, சென்சார் அழுக்கு புள்ளி புள்ளியா காட்டிக் குடுத்துரும். ஷட்டர் கவுண்ட் கேளுங்க, சின்ன பாடிகளுக்கு ஒரு லட்சம் கிளிக்கு வரைக்கும்தான் பொதுவா கணக்கு, தாண்டியும் ஓடும், ஆனா வெலைய அதுக்கேத்த மாதிரி பேசலாம். நிக்கான்ல எடுத்த ஜேபெக்குலயே அந்த நம்பர் ஒளிஞ்சிருக்கும், கேனான்ல பெரும்பாலும் தனி சாஃப்ட்வேர் போட்டுத்தான் பாக்கணும். பிளாஷ் வாங்குற ஐடியா இருந்தா இன்னொன்னு, கேனான் 200டி மார்க் 2 மாதிரி சில பாடில மேல பிளாஷ் மாட்டுற எடத்துல நடு பின்னு கெடையாது, வெல கம்மியான சாதா பிளாஷ் வெடிக்காது.

மிச்சம் இருக்குற காசுல என்ன வாங்கலாம்? ரெண்டு 64 ஜிபி கார்டு (ஒரே 128 வேணாம், அது போச்சுன்னா எல்லாமே போச்சு), இன்னொரு பேட்டரி, ஒரு ரப்பர் ப்ளோயர், ஒரு லென்ஸ் ஹூட். கார்டுல டூப்ளிகேட் ஏகப்பட்டது சுத்துது, மேல 64ன்னு எழுதிருக்கும் உள்ள 8தான் இருக்கும். வாங்குன அன்னிக்கே கம்ப்யூட்டர்ல எச்2டெஸ்ட்டபிள்யூங்கற சாஃப்ட்வேர் போட்டு முழுசா எழுதிப் படிச்சுப் பாத்துருங்க, ஃப்ரீதான். ட்ரைபாட் எல்லாம் பைய வாங்கிக்கலாம்.

செட்டிங்கு

"மேனுவல் மோடுல எடுக்கறவன்தான் போட்டோகிராபர்"னு எவன் கெளப்பி விட்டான்னு தெரியல. தெருவுல ஒரு நொடி வெயிலு, அடுத்த நொடி நெழலு, நீங்க டயல திருகிட்டு இருக்கையில மாட்டு வண்டி போயிரும். நிக்கான்காரங்க ஏ மோடு (எஃப் நம்பர நாம வைப்போம், ஷட்டர கேமரா பாத்துக்கும்) வச்சு, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் எம்புட்டு கூர்மையா இருக்கணும்ங்கறது) மெனுக்குள்ள போய் மினிமம் ஷட்டர் ஒரு நொடில 250ல ஒரு பங்குன்னு வச்சுருங்க. 1500டி மாதிரி சின்ன கேனான்ல அந்த வசதி இல்ல, அங்க டிவி மோடுல (ஷட்டர நாம வைக்கிற மோடு) 250 வச்சு ஐஎஸ்ஓவ ஆட்டோவுக்கு விட்டுருங்க, அதுவே வேலைய பாத்துக்கும். நடக்குற ஆளுக்கு 250 போதும், ஓடுற புள்ளைங்களுக்கு 500.

ஐஎஸ்ஓ ஏறுதேன்னு பயப்படாதீங்க. 3200ல வர்ற புள்ளி புள்ளிய யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, ஆடிப்போன மூஞ்சிய எல்லாரும் சொல்லுவாங்க.

ஒண்ணு மட்டும் கையால பழகிக்கணும், அது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அந்த ப்ளஸ் மைனஸ் பட்டன். கேமராவுக்கு எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் கலருக்கு கொண்டு வரணும்ங்கறதுதான் புத்தி. வெள்ள வேட்டி வெள்ளச் சட்ட பெரியவரு வெள்ளயடிச்ச சுவர் முன்னாடி நின்னா, "ஆத்தாடி எம்புட்டு வெளிச்சம்"னு நெனச்சு கேமரா இருட்டாக்கிரும், வேட்டி அழுக்கா தெரியும், மூஞ்சி கரியாப் போயிரும். அங்க ப்ளஸ் 1 வரைக்கும் தைரியமா ஏத்துங்க. இருட்டுக் கடைக்குள்ள ஒத்த பல்பு வெளிச்சத்துல வெள்ளப் பூக்குவியல்னா அப்படியே தலகீழ், மைனஸ் போடாட்டி பூவு இதழே தெரியாம வெளுத்துரும்.

பூ மார்க்கெட்டும் டியூப்லைட்டும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விடியக்காலம் போனா இந்த ஊர்ல அதவிட நல்ல பள்ளிக்கூடம் போட்டோவுக்கு கெடையாது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஈரச் சாக்க பிரிச்சதும் மல்லி மொட்டு சரிஞ்சு விழும், பாதி மொட்டு லேசா பச்ச கட்டி இருக்கும், காம்பு ஊதா ஓடியிருக்கும், தராசுத் தட்டுல கொட்டுற கை நிக்கவே நிக்காது. மேல டியூப்லைட்டு, பக்கத்துக் கடைல எல்இடி பல்பு, ஓரத்துல நீலத் தார்ப்பாய் வழியா வர்ற விடியல் வெளிச்சம், மூணும் கலந்து அடிக்கும்.

இங்க மொத சிக்கல் வெளிச்சம் துடிக்கறது. நம்ம நாட்டு கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால பழைய டியூப்லைட்டும் வெல கம்மியான எல்இடியும் நொடிக்கு 100 தடவ ஏறி எறங்கும், கண்ணுக்குத் தெரியாது கேமராவுக்குத் தெரியும். 500, 1000ன்னு ஷட்டர் வச்சு எடுத்தா ஒரு படம் வெளிச்சமா இன்னொரு படம் மங்கலா வரும், இல்லாட்டி படத்து மேல பட்ட பட்டயா கோடு விழும். சத்தம் வராத சைலண்ட் ஷட்டர்ல இன்னும் மோசம். ஷட்டர 100ல ஒண்ணு, இல்ல 50ல ஒண்ணுன்னு வச்சுட்டா ஒவ்வொரு படத்துலயும் துடிப்பு முழுசா அடங்கிரும், பட்ட காணாமப் போயிரும். போன்லயும் ப்ரோ மோடுல இதையே பண்ணலாம். விழா மேடைல கலர் கலரா சுத்துற லைட்டு, எழுத்து ஓடுற போர்டு, இதெல்லாம் வேற வேகத்துல துடிக்கறதால இந்த வித்தை அங்க செல்லாது.

ஆனா 100ல வச்சா பூ அள்ளுற கை ஆடிப் போகுமேன்னா ஆமா போகும். அதுக்கு வழி, கை நிக்கிற கணத்துக்கு காத்திருக்கறது. தராசுல கொட்டிட்டு முள்ளப் பாக்க ஒரு நொடி நிப்பாங்க, பூ கட்டுறவங்க நார சுத்தி இறுக்கையில ஒரு நொடி நிப்பாங்க. ரெண்டு தடவ சும்மா பாத்துட்டு மூணாவது தடவ அமுக்குங்க. இல்லேன்னா மூஞ்சி தெளிவா நிக்கையில கை மட்டும் ஆடுற மாதிரி எடுங்க, அது அழகாவே இருக்கும்.

ரெண்டாவது சிக்கல் கலரு. மூணு வெளிச்சம் கலந்தா ஆட்டோ வைட் பேலன்ஸ் (வெள்ளய வெள்ளயா காட்ட கேமரா பண்ற கலர் சரிக்கட்டல்) ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு மாதிரி மாத்திக்கிட்டே இருக்கும், நம்ம மல்லி ஒண்ணுல பச்சயா ஒண்ணுல ரோஸா வரும். 4000 கெல்வின்ல நிறுத்திருங்க, அந்த வசதி இல்லாத பாடின்னா டியூப்லைட் படம் போட்டத வைங்க, ஜேபெக்கா இல்லாம RAW ஃபைலா எடுங்க, வீட்டுக்கு வந்து ஒரு படத்த சரி பண்ணி மிச்சத்துக்கு காப்பி பேஸ்ட் பண்ணிரலாம். நீலத் தார்ப்பாய்க்கு கீழ மட்டும் ஆள நிப்பாட்டி எடுக்காதீங்க, அந்த நீலத்த எந்த சாஃப்ட்வேராலயும் எடுக்க முடியாது.

வழிய மறிச்சு நிக்காதீங்க. தலைல மூட்டையோட வர்றவருக்கு நம்ம ஹாபி தெரியாது. எடுக்குறதுக்கு முன்னாடி "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?"ன்னு கேட்டா பத்துல எட்டு பேரு சரிம்பாங்க, வேணாங்கறவங்கள விட்டுருங்க, வாதாட வேணாம். ரெண்டு மொழம் பூ வாங்குங்க, வீட்லயும் திட்டு வாங்காம இருக்கலாம். ஒரு தடவ ஒருத்தரு கேக்காம எடுத்துட்டு ஓடிட்டாருன்னா, அடுத்து வர்ற நாலு பேரத்தான் அங்க மொறைப்பாங்க.

கோயிலு, மஹாலு, மலை

மீனாட்சி அம்மன் கோயில் உள்ள கேமராவும் கெடையாது போனும் கெடையாது, 2018 பிப்ரவரில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சதுக்கு அப்பறம் போனையும் நிப்பாட்டிட்டாங்க. வாசல்ல பாதுகாப்பா வச்சுட்டு சாமி கும்பிடப் போங்க, எப்படியாவது ஒளிச்சு வச்சு எடுத்துரலாம்னு நெனைக்காதீங்க. வெளிய சித்திரை வீதில இருந்தே எடுக்க ஏகப்பட்டது இருக்கு, எந்தக் கோபுரத்த எப்ப எடுக்கறதுங்கறதுதான் விஷயம். கெழக்குக் கோபுரத்துக்கு காலைல, மேக்குக்கு சாயங்காலம், இது எல்லாருக்கும் தெரியும். தெக்குக் கோபுரத்துக்கு மார்கழி தை மாசம்தான் டாப்பு, அப்ப சூரியன் தெக்க சாஞ்சு போறதால நாள் பூரா சைடு வெளிச்சம் விழுந்து ஒவ்வொரு சுதைச் சிற்பமும் தனியா எந்திரிச்சு நிக்கும். வடக்க இருக்குற மொட்டை கோபுரம்தான் பாவம், வருஷத்துல பாதி நாளு வெயிலுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கும். ஆனா ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் சூரியன் நம்ம தலைக்கு வடக்க போயிருதுல்ல, அப்ப போங்க, காலைல ஒரு பக்கமும் சாயங்காலம் ஒரு பக்கமும் அதுக்கும் வெளிச்சம் கெடைக்கும்.

திருமலை நாயக்கர் மஹால்ல கேமராவுக்கு தனி டிக்கெட்டு, ட்ரைபாடுக்கு அனுமதி உண்டான்னு கவுன்டர்லயே கேட்டுருங்க. 1636ல கட்டுனது, அந்தப் பெரிய வெள்ளத் தூணெல்லாம் நடு முத்தத்துல விழுற வெயில வாங்கி உள்ள தள்ளும், அதனால மதியம் எடுக்கறதுக்குன்னே அமைஞ்ச எடம் மதுரைல இது ஒண்ணு. எல்லாரும் அகலமா வச்சு தூண் வரிசைய மட்டும் எடுக்குறாங்க, அதையே ஆயிரம் பேரு எடுத்தாச்சு. ஒரு ஆளு ரெண்டு தூணுக்கு நடுவுல நடக்குற வரைக்கும் நின்னு எடுங்க, அப்பத்தான் தூணு எம்புட்டுப் பெருசுன்னே வெளங்கும். முத்தத்து வெயிலும் மண்டப இருட்டும் ஒரே படத்துல வேணும்னு அடம் புடிக்காதீங்க, ஒண்ண விட்டுக் குடுக்கணும்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போறவங்க காலைல சீக்கிரம் ஏறி, வெயில் ஏறுறதுக்குள்ள எறங்கிருங்க, பாறை சுட ஆரம்பிச்சா காலு வைக்க முடியாது. கல்லுல செதுக்குன உருவத்துக்கு நேர் வெளிச்சம் எமன், பக்கவாட்டுல சாஞ்சு வர்ற வெளிச்சத்துலதான் கோடு கோடா எந்திரிக்கும். வெளிச்சம் சரியில்லேன்னா கல்வெட்டு தெரியறதுக்காக சாக்பீஸ் போடுறது, எண்ணெய் தடவுறது, தண்ணி ஊத்துறது இதெல்லாம் பண்ணவே பண்ணாதீங்க, ஆயிரம் வருஷக் கல்லு அது. கூட ஒரு ஆள நிப்பாட்டி போன் டார்ச்ச ஓரத்துல இருந்து அடிக்கச் சொல்லுங்க, போதும்.

அரிட்டாபட்டிக்கு பறவை எடுக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்த. 2022ல தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரிய தலமா அறிவிச்ச எடம், பாறைல வல்லூறு கழுகு எல்லாம் இருக்கு. உங்க 55-250 ஜூம் லென்ஸ்ல அது புள்ளியாத்தான் தெரியும். கிட்ட வேணும்னு கூட்டுப் பக்கம் ஏறிப் போயிராதீங்க. பறவைய சின்னதா வச்சு மலைய பெருசா எடுங்க, அந்தப் படம்தான் அது எங்க வாழுதுன்னு காட்டும்.

விளாச்சேரி பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல. நவராத்திரிக்கு ஒரு மாசம் முன்னாடி போங்க, கொலு பொம்மைக்கு கலர் அடிச்சிட்டு இருப்பாங்க, வாசப்படி ஓரம் உக்காந்து வெளி வெளிச்சத்துலயே கண்ணு எழுதுவாங்க. அந்த ஒத்த வாசல் வெளிச்சத்துக்கு ஈடு கெடையாது. ப்ரஷ் நுனில போகஸ் வைக்கணும்னு பாக்காதீங்க, பொம்மையோட எழுதி முடிச்ச கண்ணுல வைங்க.

சித்திரைத் திருவிழா, ஜல்லிக்கட்டு

அழகர் ஆத்துல எறங்குறது விடியக்காலம், சூரியன் சரியா வந்திருக்காது, பெரிய லென்ஸ விட எஃப் 1.8, 2.8 லென்ஸ்தான் கை குடுக்கும். ஐஎஸ்ஓ 3200, 6400 போனாலும் போகட்டும். கருப்பசாமி வேஷம் கட்டி தோல்பையில தண்ணி பீய்ச்சுறவங்க சுத்தி இருப்பாங்க, கேமராவுக்கு அன்னிக்கு மழைக்காலம்தான். தடிமனான பிளாஸ்டிக் கவர்ல லென்ஸ் அளவுக்கு ஓட்ட போட்டு, ஹூடோட சேத்து ரப்பர் பேண்ட் போட்டா அம்பது ரூவால ரெயின் கவர் ரெடி. ஒரு பருத்தித் துண்டு கழுத்துல இருக்கட்டும். லென்ஸ் மாத்துற பேச்சே வேணாம், ஒண்ணு மாட்டிட்டு போனா அதோடயே வீடு திரும்பணும். ஆத்துக்குள்ள நடுக்கூட்டத்துல போய் நிக்காதீங்க, 2022ல நெரிசல்ல உயிரே போயிருக்கு. என்னயக் கேட்டா சாமிய விட சாமியப் பாக்குறவங்க மூஞ்சிதான் படம், அதுக்கு ஓரத்துல நின்னாலே போதும், முந்தின நாளு எதிர்சேவைல இன்னும் தாராளமா எடுக்கலாம்.

ஜல்லிக்கட்டு தை ஒண்ணு அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்கு பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். கேலரில இருந்து எடுக்கறதுன்னா 55-250 பத்தும். ஷட்டர் 1000ல ஒண்ணுக்கு கீழ வேணாம், போகஸ் தொடர்ந்து தேடுற மோடுல, அதாவது கேனான்ல ஏஐ சர்வோ, நிக்கான்ல ஏஎஃப்-சி. வாடிவாசல்லயே கண்ணையும் போகஸையும் வச்சுக்கிட்டு இருங்க, மாட்டத் தொரத்திப் புடிக்க முடியாது. புழுதி பறக்கும், முடிஞ்சதும் துணிய வச்சு தொடச்சிராதீங்க, மணலு கீறிரும், மொதல்ல ப்ளோயர்ல ஊதணும். வாயால ஊதுறவங்களும் இருக்காங்க, எச்சிதான் தெறிக்கும்.

வீட்டுக்கு வந்ததுக்கப்பறம்

பங்கஸ் வர்றது ஐப்பசி கார்த்திகை மழைலதான். காத்துல ஈரம் 60 சதவீதத்துக்கு மேல நாள் கணக்குல நின்னா ஆரம்பிச்சுரும், 40-50க்குள்ள வச்சுக்கணும். ட்ரை கேபினெட் வாங்க காசு இல்லேன்னா நல்லா இறுக்கி மூடுற பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள கலர் மாறுற சிலிக்கா ஜெல், கூட ஒரு குட்டி ஹைக்ரோமீட்டர், மொத்தமா ஆயிரம் ரூவா கூட ஆகாது. ஜெல்லு கலர் மாறிட்டா சூடு பண்ணி திரும்ப போட்டுக்கலாம். தோல் பைக்குள்ள போட்டு பீரோல பூட்டி வைக்கறதுதான் பங்கஸுக்கு நம்ம குடுக்குற சீதனம். அரிசி டப்பாவுக்குள்ள வைக்கறதும் வேணாம், தவிட்டுத் தூசி உள்ள போகும். எல்லாத்துக்கும் மேல, வாரத்துக்கு ஒரு தடவ வெளிய எடுத்து படம் எடுங்க, பூட்டி வச்ச லென்ஸ்லதான் மொதல்ல பூக்கும். ஏசி ரூம்ல இருந்து வெளிய வரும்போது லென்ஸு வேர்த்துச்சுன்னா தொடைக்காம பைக்குள்ளயே பத்து நிமிஷம் விடுங்க. கோடைல வண்டி டேங்க் கவர்ல கேமராவ வெயில்ல விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

படத்த அன்னிக்கே கம்ப்யூட்டர்ல ஏத்திருங்க, இன்னொரு காப்பி வெளிய இருக்குற ஹார்ட் டிஸ்க்ல. ரெண்டும் ஏறுன பின்னாடிதான் கார்ட ஃபார்மேட் பண்ணணும், அதையும் கேமராக்குள்ளயே பண்ணுங்க. பொறுக்கி எடுக்கறத மட்டும் அன்னிக்கே செய்யாதீங்க, ஒரு வாரம் போகட்டும். எடுத்த அன்னிக்கு நம்ம பட்ட கஷ்டம் ஞாபகம் இருக்கும், அந்தப் பாசத்துல சுமாரான படமும் சூப்பரா தெரியும். எடிட்டிங்க்கு போன்ல ஸ்னாப்சீட், கம்ப்யூட்டர்ல டார்க்டேபிள், ரெண்டுமே ஃப்ரீ. பச்சய பஞ்சு மிட்டாய் கலரா ஆக்காம இருந்தா சரி.

ப்ரிண்ட் போடுங்க. 4க்கு 6 ப்ரிண்டுக்கு இஞ்சுக்கு 300 புள்ளின்னு வச்சாலும் 1200க்கு 1800, ரெண்டு மெகாபிக்சல் சொச்சம்தான் ஆகுது. 12க்கு 18 பெருசா சுவர்ல மாட்டுனாலும் 20 மெகாபிக்சல் தாண்டாது, 1500டி மாதிரி பாடில இருக்கறது 24. மார்க்கெட்ல எடுத்த அக்காவுக்கு, பொம்மை செய்யிற அண்ணனுக்கு அடுத்த தடவ போகையில ஒரு ப்ரிண்ட் கொண்டு போய்க் குடுங்க, மேட் பேப்பர்ல போட்டீங்கன்னா ஈரக்கை ரேகை கொஞ்சம் கம்மியா பதியும். வாட்ஸ்அப்ல கேட்டாங்கன்னா போட்டோவா அனுப்பாதீங்க, கசக்கிரும், டாக்குமெண்ட்னு இருக்கும் பாருங்க, அதுல அனுப்புங்க.